வாசல் கிண்ணம்

சைரன் அலறிய நேரத்தில் டாக்டர் நொச்சி, தலைவர் கடம்பனின் இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். ஊசியை உருவினோமா இல்லையா என்று பார்க்காமலே ஓடினாள்.

"டாக்டர், ஊசி!" என்று பின்னாலிருந்து கத்தினார் கடம்பன்.

"நீங்களே எடுத்துக்குங்க!"

மூன்றாம் வாயிலின் சைரன் அது. புத்தூரில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். வாயிலின் உள்கதவு மூடவில்லை. வெளிக்கதவும் பிசகினால் ஊரின் காற்று மொத்தமும் செவ்வாய்க் கிரகத்துக்குத் தானமாகப் போய்விடும். அதற்குப் பிறகு நானூறு சொச்சம் பேருக்கும் டாக்டர் தேவைப்படாது.

நொச்சிதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். உள்கதவுக்கு முன்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக, கோயிலில் நிற்பது போல, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கதவு ஒரு சாண் இடைவெளியில் சிக்கி நின்றது. அந்த இடைவெளியில் மண் கூஜா ஒன்றின் நீண்ட மூக்கு மாட்டியிருந்தது. கூஜாவின் பிடியைப் பிடித்துக்கொண்டு, ஸ்டூல் மேல் சிறுவன் புங்கன் நின்றிருந்தான். இரண்டு கதவுகளுக்கும் நடுவில் இருந்த சின்ன அறையில் தும்பை. முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, முதுகை வளைத்து, இரண்டு கையாலும் ஒரு கிண்ணத்தை ஏந்தியிருந்தாள்.

புங்கன் ஊற்றிக்கொண்டிருந்தான். கூஜாவின் மூக்கு கிண்ணத்தில் பட்டுவிடாமல், தன் விரல் அவள் விரலில் பட்டுவிடாமல், உயரத்திலிருந்து, நூல் மாதிரி மெல்லிசாக. சைரனைப் பற்றி இருவருக்கும் கவலையே இல்லை.

நொச்சிக்குப் பயம் வந்தது. காற்றைப் பற்றிய பயம் அல்ல அது.

"கீழே போடுடி அதை!"

கூஜாவைப் பிடுங்கினாள். மூக்கு உடைந்து உள்ளே விழுந்தது. தும்பையின் முழங்கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தாள். கிண்ணம் தரையில் விழுந்து சிதறியது. கதவு மூடிக்கொண்டது. சைரன் நின்றது.

அந்த அமைதியில் தும்பை ஓவென்று அழ ஆரம்பித்தாள். "என் முறை டாக்டரத்தை! இன்னிக்கு என் முறை!"

"இனிமே யாருக்கும் முறை கிடையாது" என்றாள் நொச்சி. அவள் குரல் நடுங்கியதைப் பிள்ளைகள் கவனித்தார்கள். ஆபத்து எதற்கும் நடுங்காத டாக்டர் என்று பெயர் எடுத்தவள் அவள்.

அவர்கள் விளையாடிய விளையாட்டுக்குப் பெயர் ஓரையர் வீடு.

ஓரையர் என்று எங்கேயும் யாரும் இருந்ததில்லை. குயவன் எருக்கன் கண்டுபிடித்த மக்கள் அவர்கள். செவ்வாயில் நதிகள் ஓடிய காலத்தில் கரையோரம் வாழ்ந்ததாகச் சொன்னான். வாயால் சொன்னதைவிட மண்ணால் சொன்னது அதிகம். குடம், தட்டு, பொம்மை, எண்ணெய்க் கிண்ணி, குழந்தையின் பால் சங்கு என்று இரண்டு வருடம் சிவப்பு மண்ணைக் கழுவிக் கழுவிச் செய்தான். சுட்டான். சிலவற்றில் வேண்டுமென்றே விரிசல் விட்டான், சிலவற்றை உடைத்து ஒட்டினான். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற நடையில் அருங்காட்சியகம் மாதிரி அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு எழுதி வைத்தான். 'நீர்க்குடம். நதி வற்றிய தலைமுறைக்குச் சற்று முன்.' 'மணமகள் விசில். ஊதினால் மாமியார் வருவார்.'

எல்லாம் எருக்கன் புளுகு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சாப்பாட்டுக்குப் போகும்போது தினமும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். புத்தூருக்குப் பழைய பொருள் என்று ஒன்றுகூட இல்லை. வேண்டாம் என்றுதான் வந்திருந்தார்கள்.

கிளம்பும்போதே ஒவ்வொருவரும் பழைய பெயரை விட்டுவிட்டு, குலுக்கலில் ஒரு செடியின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். எருக்கனுக்கு அதில் தீராத குறை. "தேக்கு, சந்தனம்னு ஆளாளுக்கு மரமா எடுத்தானுங்க. எனக்கு மட்டும் குப்பைமேட்டுச் செடி" என்பான். சமையல் கூடத்து ஆமணக்கு அவனைத் தேற்றுவார். "உன்னையாவது பிள்ளையாருக்குப் போடுவாங்க. என்னைக் குடிச்சா பேதிதான் ஆகும்."

பெயரோடு இன்னொன்றையும் விட்டார்கள். அதற்கு மறப்பு என்று பெயர். தலையில் ஒரு கவசம், கையில் ஒரு ஊசி, அரைநாள் தூக்கம். எழுந்தால் அம்மாவின் முகம் அப்படியே இருக்கும். படித்த கணக்கு இருக்கும். பிடித்த ரசத்தின் ருசி நாக்கில் இருக்கும். எந்தத் தெருவில் பிறந்தோம், எந்தத் தெருவுக்குள் போகக் கூடாது, யார் வீட்டில் கை நனைக்கக் கூடாது, யாரை வயது பார்க்காமல் வா போ என்று கூப்பிடலாம் என்பது மட்டும் இருக்காது. அதற்கான சொல்லும் இருக்காது. சாதி என்று புத்தூரில் யாரிடமாவது சொன்னால், ஏதாவது வைட்டமினா என்று கேட்பார்கள்.

இவ்வளவு காலம் கழித்துமா அது மிச்சமிருந்தது என்று கேட்கலாம். மிச்சமிருந்தது. இல்லாவிட்டால் எதற்கு அந்த ஊசி?

நொச்சிக்கு மட்டும் அந்த ஊசி போடவில்லை.

ஒழித்துவிட்ட நோயின் கிருமியை ஒரு குப்பியில் பூட்டி வைப்பார்கள், மறுபடி எங்காவது தலைகாட்டினால் ஒப்பிட்டுப் பார்க்க. நொச்சி அந்தக் குப்பி. திட்டம் போட்டவர்கள் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: பார்த்தால் அடையாளம் கண்டுபிடி, முளையிலேயே கிள்ளு, வாயைத் திறக்காதே. ஊரில் யாருக்கும் இது தெரியாது. யார் யார் எந்தப் பக்கத்து ஆள் என்கிற பட்டியல் அவளுக்கும் தரப்படவில்லை. நோய் தெரியும், நோயாளிகள் தெரியாது. தன் ஒருத்தியை மட்டும் தெரியும்.

சிறுவயதில் அவள் வீட்டுக் கொல்லைப்புறச் சுவரில் ஓர் அலுமினிய டம்ளர் கவிழ்ந்திருக்கும். வேலைக்கு வருபவர்களுக்கு அதில்தான் தண்ணீர். எட்டு வயதில் அவளும் சொம்பை உயரத் தூக்கி ஊற்றியிருக்கிறாள், புங்கன் ஊற்றியது போலவே. அவனைவிட நன்றாக.

வாயிலிலிருந்து நேராகக் காட்சி நடைக்குப் போனாள். திறப்பு விழாக் கூட்டத்தில் அவள் விசிலை மட்டும்தான் பார்த்திருந்தாள். அதற்குப் பிறகு பத்து மருத்துவ அறைகளின் வேலையை ஒருத்தியாகச் செய்தவளுக்கு அந்தப் பக்கம் நிற்க நேரமில்லை. இப்போது நின்றாள்.

நடையின் கடைசியில், பிள்ளைகள் நுழைந்து விளையாடுகிற அளவில் ஓரையர் வீடு ஒன்றை எருக்கன் கட்டியிருந்தான். உள்ளே ஒரு மாடம். மாடத்தில் ஆறு கிண்ணங்கள், வழவழவென்று, அடியில் வளையம் வைத்து, நேராக நிற்கிற மாதிரி. வீட்டின் வெளியே, கூரை விளிம்புக்குக் கீழே, ஓர் ஆணி. அதில் கயிறு மட்டும் தொங்கியது. அந்தக் கயிற்றில் இருந்த கிண்ணத்தைத்தான் அவள் சற்று முன் உடைத்திருந்தாள். அடி உருண்டை, கீழே வைத்தால் நிற்காது. விளிம்போரம் ஒரு துளை.

ஆணிக்குக் கீழே சீட்டு: 'வாசல் கிண்ணம். பயன் தெரியவில்லை.'

பட்டறையில் எருக்கன் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, யாரோ கேட்ட பூந்தொட்டிக்கு விளிம்பு கட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க டாக்டரம்மா. என் கூஜாவோட மூக்கை அறுத்துட்டீங்களாமே."

"உங்க கூஜா ஊரோட மூச்சையே அறுத்திருக்கும். அதுக்கு ஏன் அவ்வளவு நீள மூக்கு?"

"அழகா இல்ல?"

"அழகு இருக்கட்டும். ஏன் நீளம்?"

"தள்ளி நின்னு ஊத்தலாம்."

"எதுக்குத் தள்ளி நின்னு ஊத்தணும்?"

எருக்கன் சக்கரத்தை நிறுத்தினான். "நீங்க கேட்டப்புறம்தான் யோசிக்கிறேன். கிட்டக்க வெச்சே ஊத்தலாமே. ஓரையருக்கு ஏதாவது காரணம் இருந்திருக்கும்."

"ஓரையரே நீங்கதானே?"

"அதுதான் டாக்டரம்மா தமாஷ். பாதி நேரம் அவங்க எங்கிட்ட கேட்டுச் செய்யறதில்ல."

நொச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்தத் தொங்குற கிண்ணம். அது எப்ப வந்தது?"

"அதுதான் முதல்ல வந்தது" என்றான் எருக்கன். குரல் கொஞ்சம் மாறியது. "ஊருக்கு ஏதாவது பண்ணிக் கொடுங்கன்னு தலைவர் சொன்னாரு. என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன், ஒண்ணும் ஒட்டல. ஒரு நாள் சும்மா மண்ணை உருட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். கையில அது வந்து நிக்குது. பார்த்ததும் அதைக் கீழே வைக்க மனசு வரல. ஏன்னு கேக்காதீங்க. இதுல குடிச்சவங்க யாரா இருப்பாங்கன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அவங்களுக்கு வீடு, அவங்களுக்கு நதி, அவங்களுக்கு மாமியார். அப்படித்தான் மொத்த சனமும் பொறந்தது."

"இப்ப ஒண்ணு செய்ங்க. கண்ணை மூடிக்கிட்டு."

"என்ன டாக்டரம்மா, சோதனையா?"

"நான் உடைச்சதுக்குப் பதில் ஒண்ணு. பேசிக்கிட்டே செய்ங்க. உங்க வீட்டு ரசம் எப்படி இருக்கும்?"

எருக்கன் சிரித்தான். கண்ணை மூடினான். மிளகை எப்படி நசுக்க வேண்டும், கொத்தமல்லியை எப்போது போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனான். கை அதுபாட்டுக்கு மண்ணைக் கிள்ளி, உருட்டி, கட்டைவிரலால் குழித்தது. அடியைத் தட்டையாக்கவே இல்லை. கடைசியில் சுண்டுவிரல் தானாகப் போய் விளிம்புக்குக் கீழே ஒரு துளை போட்டது.

"துளை எதுக்கு?" என்றாள் நொச்சி, மெதுவாக.

"கயிறு கட்ட."

"கயிறு எதுக்கு? மாடத்துல இடம் இருக்கே. உள்ளே வெச்சா என்ன?"

"ஐயோ, அதை உள்ளே கொண்டுவரக் கூடாது" என்றான் எருக்கன் சட்டென்று.

கை நின்றது. கண்ணைத் திறந்தான். கையில் இருந்த கிண்ணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் இப்ப என்ன சொன்னேன்?"

"ரசத்தைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க" என்றாள் நொச்சி.

வெளியே வந்தவள் சிறிது நேரம் சுவரில் சாய்ந்து நின்றாள். பெயரை எடுத்தார்கள், தெருவை எடுத்தார்கள், சொல்லை எடுத்தார்கள். கையை யாரும் எடுக்கவில்லை. சைக்கிள் ஓட்டியதையே மறந்துபோனவனையும் சைக்கிளில் ஏற்றிவிட்டால் ஓட்டுவான்.

அந்தக் கை, கிண்ணத்தை ஏந்திய கையா? ஊற்றிய கையா? செய்து விற்ற கையா? அவளால் சொல்ல முடியவில்லை. மூன்று கைகளுக்குமே அந்தக் கிண்ணம் அளவெடுத்தது போலத் தெரிந்திருக்கும்.

"எல்லாத்தையும் பொடி பண்ணணுமா?" என்றார் கடம்பன். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஊசியை அவரே எடுத்துக்கொண்டதில் கொஞ்சம் கோபம் பாக்கி இருந்தது. "ஒரு கூஜா கதவுல மாட்டினதுக்கா? கதவு பக்கம் விளையாடாதீங்கன்னு சொன்னா போச்சு."

"கதவு இல்ல தலைவரே பிரச்சினை. கிண்ணம்."

"கிண்ணத்துல என்ன?"

"காரணம் கேக்காதீங்க. என்னை நம்பிச் செய்ங்க."

"டாக்டர், அந்த மனுஷன் ரெண்டு வருஷம் உழைச்சிருக்கான். சனங்க அதை நின்னு பாக்குறாங்க. தலைவர் சொன்னாரு, டாக்டர் சொன்னாங்கன்னு பொடி பண்ணினா நாளைக்கு என்னைப் பொடி பண்ணிடுவாங்க. காரணம் வேணும்."

நொச்சி கதவைச் சாத்தினாள். பத்து வருடமாகப் பூட்டி வைத்திருந்ததைத் திறந்தாள். தான் யார், ஏன் தனக்கு மட்டும் ஊசி போடவில்லை என்பதை முதலில் சொன்னாள். பிறகு கிண்ணத்துக்கு வந்தாள்.

"நாம வந்த ஊர்கள்ல வீட்டுக்குள்ள கிண்ணம் இருக்கும். வெளியே ஒரு கிண்ணம் இருக்கும். சிலருக்கு உள்ளே, சிலருக்கு வெளியே. வெளிக் கிண்ணத்துல குடிக்கிறவங்க உள்ளே வரக் கூடாது. உள்கிண்ணத்தைத் தொடக் கூடாது. அவங்களுக்குத் தண்ணி ஊத்துறவங்க, மேல படாம, தூக்கி ஊத்துவாங்க."

கடம்பன் ரசித்துக் கேட்டார். "எருக்கன் கதையைவிட இது நல்லா இருக்கே."

"கதை இல்ல."

"சரி, எதை வெச்சுப் பிரிப்பாங்க? உயரமா? நிறமா?"

"பிறப்பு."

"பிறந்த தேதியா?"

நொச்சிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "யாருக்குப் பிறந்தோம்ங்கறதை வெச்சு."

"அது எப்படிப் பார்த்தாத் தெரியும்?"

"பார்த்தாத் தெரியாது. அதனாலதான் கேப்பாங்க. எந்த ஊரு, எந்தத் தெரு, உங்க குலசாமி எது, அப்பா என்ன வேலைன்னு ரொம்ப அன்பா விசாரிப்பாங்க."

"தெரியலைன்னா?"

"தெரியிற வரைக்கும் விசாரிப்பாங்க."

கடம்பன் மேஜை மேல் இருந்த தன் டீ டம்ளரைப் பார்த்தார். அதை லேசாகத் தள்ளி வைத்தார். பிறகு எதற்காகத் தள்ளினோம் என்பது போல மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"இதை ஊர்க்கூட்டத்துல சொல்ல முடியாது" என்றார்.

"சொல்லவே கூடாது. சொன்னா அதுதான் முதல் விதை. கிண்ணத்துப் பூச்சுல ஈயம் இருக்கு, பிள்ளைங்க உடம்புக்கு விஷம்னு சொல்லுங்க. நான் சோதிச்சேன்னு சொல்லுங்க."

"எருக்கன் பேரு கெட்டுடுமே டாக்டர்."

"ஒருத்தர் பேரு" என்றாள் நொச்சி. "கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க. மறக்குறதுல நம்ம ஊர் கெட்டிக்கார ஊர்."

மறுநாளே அறிவிப்பு வந்தது. கல் நொறுக்குகிற இயந்திரத்துக்கு முன்னால் ஊர் கூடியது. நீர்க்குடம் போயிற்று, பால் சங்கு போயிற்று, மணமகள் விசில் போயிற்று. எருக்கனே ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தான்.

"ஈயத்துக்கு நான் எங்க போவேன்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டான். "இந்தக் கிரகத்துல ஈயம் எங்க கிடைக்குதுன்னு யாராவது சொல்லுங்களேன்."

குழந்தை வைத்திருந்தவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

பொய்யைச் சொன்னால் அதற்கு வேலையும் செய்ய வேண்டும். நொச்சி ஊரில் இருந்த பிள்ளைகள் அனைவருக்கும் ரத்தம் எடுத்தாள். தும்பை அவள் மேல் இன்னும் கோபமாகத்தான் இருந்தாள். கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அன்னிக்கு உன்னை அவங்க வெளியே நிறுத்தினாங்கல்ல, ரொம்ப அழுதியா?" என்று கேட்டாள் நொச்சி, ஊசியிலிருந்து கவனத்தைத் திருப்புவதற்காக.

"நிறுத்தினாங்களா?" தும்பை திரும்பிப் பார்த்தாள். "நான் சண்டை போட்டு வாங்கின முறை அது! புங்கன் ரெண்டு தடவை நின்னுட்டான். நான் ஒரு தடவைகூட நின்னதில்ல. நீங்க வந்து உடைச்சுட்டீங்க."

நொச்சியின் கை நின்றது. "வெளியே நிக்க சண்டை போட்டீங்களா?"

"பின்னே? வெளியே நிக்கிறவங்கதானே நதி பாக்குறவங்க."

"அப்படின்னா?"

இதுகூடத் தெரியாதா என்று தும்பை பெருமூச்சு விட்டாள். "நதி போயிடுச்சுல்ல? திரும்பி வரும்ல? எல்லாரும் வீட்டுக்குள்ள தூங்கிட்டா அது வந்தது யாருக்குத் தெரியும்? அதனால ஒருத்தங்க வாசல்லயே நிப்பாங்க. அவங்க நகரக் கூடாது. தாகம் எடுத்தா மத்தவங்கதான் கொண்டுவந்து ஊத்தணும்."

"தொடாம ஏன் ஊத்தினான்?"

"தொட்டா திரும்பிப் பாப்பாங்கல்ல? அந்த நேரம் பார்த்து நதி வந்துட்டா?" தும்பைக்குக் கோபம் மறந்து உற்சாகம் வந்துவிட்டது. "உள்ளே கிண்ணம் ஆறு இருக்கு, எல்லாம் ஒரே மாதிரி. வாசல் கிண்ணம் ஒண்ணே ஒண்ணுதான். அப்ப அதுதானே பெரிய ஆளுக்கு? சீட்டுல பயன் தெரியலைன்னு போட்டிருந்தது. நாங்கதான் கண்டுபிடிச்சோம்."

நொச்சி பஞ்சை எடுத்து ஊசி குத்திய இடத்தில் வைத்து அழுத்தினாள். தேவைக்கு மேல் நேரம் அழுத்தினாள். அந்தக் கிண்ணத்துக்குப் புத்தூரில் வேறு அர்த்தம் முளைத்துவிட்டிருந்தது. பழைய அர்த்தத்தை ஊருக்குள் கொண்டுவந்தவள் ஒரே ஒருத்திதான். குப்பி உடையவில்லை. குப்பியே நடந்துபோய்த் தன் மூடியைத் திறந்திருக்கிறது.

"டாக்டரத்தை, இனிமே எருக்கன் மாமா கூடப் பேசக் கூடாதா?"

"யாரு சொன்னா?"

"அம்மா. அவர் கையில அந்த ஈயம் இருக்காம்ல. பட்டா ஒட்டிக்குமாம்."

நொச்சி சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். பகல் டீ நேரம். மேஜைகளில் வழக்கமான சத்தம். தட்டு நிறைய ஒரே மாதிரி டம்ளர்கள். வருபவர்கள் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கதவுக்கு வெளியே, நடையில், தீயணைப்புக் குழாய்ப் பெட்டியின் மேல் ஒரு டம்ளர் தனியாக இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டியிருந்தார்கள்.

எருக்கன் வந்தான். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பெட்டி மேலிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு கதவோரம் நின்றான். ஆமணக்கு கெட்டிலோடு வந்தார். முன்பெல்லாம் தோளில் கை போட்டுத்தான் டீ கொடுப்பார். இப்போது ஓரடி தள்ளி நின்றார். கெட்டிலை உயரத் தூக்கினார். கெட்டில் டம்ளரில் படாமல், மெல்லிசாக ஊற்றினார். அப்படி ஊற்ற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நொச்சியைப் பார்த்ததும் சங்கடமாகச் சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர். ஒரு ஜாக்கிரதைக்குத்தான். அவனே ஒத்துக்கிட்டான்."

ஆமணக்கு உள்ளே போனார். எருக்கன் டீயை ஒரு வாய் குடித்தான். டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. புதிர் ஒன்றுக்கு விடை கிடைத்தவன் போல இருந்தான்.

"டாக்டரம்மா, அந்தச் சீட்டுல பயன் தெரியலைன்னு எழுதியிருந்தேனே. இப்பத் தெரிஞ்சுடுச்சு. எழுதி வைக்கத்தான் கிண்ணம் இல்ல."

நொச்சி அவன் கையிலிருந்து டம்ளரை வாங்கி, மிச்சம் இருந்த டீயைக் குடித்தாள். எருக்கன் திகைத்துப் பார்த்தான். கூடத்துக்குள் இரண்டு மேஜைகள் அமைதியாகின. அவ்வளவுதான். யாரும் எழுந்து வரவில்லை.

சிவப்பு டேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டு, வாய் துடைக்காமலே கடம்பனின் அறைக்கு நடந்தாள்.

"உடனே அறிவிக்கணும்" என்றாள். "ஈயம் இல்ல. டாக்டர் தப்பாச் சோதிச்சுட்டாங்கன்னு சொல்லுங்க. என் பேரு கெடட்டும். எருக்கனைப் பக்கத்துல உக்கார வெச்சு, அவர் டம்ளர்லயே நீங்க டீ குடிக்கணும், எல்லாரும் பாக்க."

"சரி" என்றார் கடம்பன்.

வாதம் செய்யத் தயாராக வந்திருந்த நொச்சிக்கு அந்தச் 'சரி' கையில் நிற்காமல் நழுவியது. "பிள்ளைங்க மேல தப்பு இல்ல. அவங்க விளையாட்டே வேற. நான்தான்…"

"சரி டாக்டர். இன்னிக்கே சொல்லிடறேன். டீயும் குடிக்கிறேன்."

அவர் தூங்கிப் பல நாளானது போல இருந்தார். எழுந்தார். வலி இருந்தும் இடுப்பில் கை வைத்துக்கொள்ளவில்லை. கதவைச் சாத்தினார். சாத்திய கதவின் கண்ணாடி வழியாக நடையில் யாராவது இருக்கிறார்களா என்று இருபுறமும் பார்த்தார். பிறகு வந்து, நாற்காலியை அவளுக்கு மிக அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஊசி வேணுமா?" என்றாள் நொச்சி.

"அது இல்ல." கடம்பன் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்னு தெரியும். வெளியே ஒரு ஆளுக்குத் தெரியாது, என் பொண்டாட்டிக்குக்கூடச் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லுங்க டாக்டர். நாங்க எந்தக் கிண்ணம்?"